விதி என்று விட்டுவிடலாமா? வீதியில் அடிபட்டவரின் ஹக்குக்கு ஒரு வரலாறு



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் எடுத்து ஆறுதலாக வாசியுங்கள்.

1951ஆம் ஆண்டின் இலங்கைச் சட்டங்களில் இரண்டு பக்கத்துப் பக்கத்து இலக்கங்களில் இருக்கின்றன. 13ஆம் இலக்கம் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம். 14ஆம் இலக்கம் மோட்டார் வாகனச் சட்டம். 13ஐப் பற்றி நம் சமூகம் பேசாத நாளில்லை. காதி நீதிமன்றம், திருமண வயது, திருத்தம் வேண்டுமா வேண்டாமா என்று பள்ளிவாசல் முற்றத்திலும் முகநூலிலும் பக்கம் பக்கமாக விவாதித்துவிட்டோம். 14ஐப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசினாலும் லைசன்ஸ், தண்டப்பணம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. அந்த 14ஆம் இலக்கச் சட்டத்துக்குள் வாகனம் இல்லாத மனிதனுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. நடந்து போகும்போது அடிபட்டவனுக்கு நட்டஈடு கிடைப்பதற்கான வழி அதில்தான் இருக்கிறது.

இலங்கையில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் வீதி விபத்துகளில் உயிரிழக்கிறார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமானவர்கள் பாதசாரிகள். கை கால் முறிந்து வீட்டோடு முடங்குபவர்கள் அதைவிடப் பல மடங்கு. கண்டிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம், நடுவில் ஒடுங்கிய வீதி. நடைபாதையில் கடைச் சாமான். பாடசாலை விடும் நேரத்தில் கட்டுகஸ்தோட்டை வீதியிலோ பேராதனை வீதியிலோ அக்குறணை நகரத்திலோ பிள்ளைகள் எப்படி நடக்கிறார்கள் என்று நாம் எல்லோரும் பார்க்கிறோம்.

அடிபட்ட பிறகு என்ன நடக்கிறது? பெரும்பாலும் இரண்டு வார்த்தைகளில் கதை முடிகிறது. ஒன்று, "கதர்." மற்றது, "பாவம், அவனும் பிள்ளை குட்டிக்காரன்." இந்த இரண்டு வார்த்தைகளுக்கும் பதில் வரலாற்றில் இருக்கிறது. அதைத்தான் எழுத வந்தேன்.

*தவளக்காரர்களின் பேரப்பிள்ளைகள்*

முதலில் வீதி. கண்டி இராச்சியம் அகலமான வீதிகளை விரும்பியதில்லை. காடும் கணவாயும்தான் அதன் கோட்டை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் படைகள் எளிதில் ஏறி வரக்கூடாது என்பதால் ஒற்றையடிப் பாதைகளே போதும் என்று மன்னர்கள் இருந்தார்கள். அந்தப் பாதைகளில் உப்பும் பாக்கும் துணியும் சுமந்து சென்றவை தவளம் மாடுகள், அதாவது பொதிமாடுகள். அந்தப் போக்குவரத்தைக் கவனித்த மன்னரின் திணைக்களம் மடிகே பத்த. அதில் பெருமளவில் பணி செய்தவர்கள் நம் முன்னோர்கள். 1626இல் போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது செனரத் மன்னன் அடைக்கலம் கொடுத்த வரலாற்றை நாம் பெருமையோடு சொல்கிறோம். வந்தவர்களும் அவர்களின் சந்ததியும் இந்த மலைநாட்டில் செய்த வேலைகளில் ஒன்று போக்குவரத்து என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லலாம். வீதியும் நாமும் அந்தளவு பழைய உறவு.

1815இல் கண்டி ஆங்கிலேயரிடம் போனது. படை ஏறி வர வீதி வேண்டும் என்பது அவர்களின் முதல் கவலை. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு – கண்டி வீதி வெட்டப்பட்டது. கடுகண்ணாவையில் நிற்கும் கோபுரம் அந்த வேலையை முன்னின்று செய்து 1829இல் இறந்த கப்டன் டோசனின் நினைவாக எழுந்தது. 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையில் குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. 1867இல் ரயில் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வாகனம் வந்தது. நடப்பவனும் பொதிமாடும் சமமாகப் போன பாதையில், நூறு ஆண்டுகளுக்குள், நடப்பவன் ஒதுங்கி வழிவிட வேண்டியவன் ஆகிவிட்டான்.

உலகம் முழுக்க இதுதான் நடந்தது. 1896 ஆகஸ்ட் 17ஆம் தேதி லண்டன் கிரிஸ்டல் பெலஸ் பகுதியில் பிரிட்ஜெட் டிரிஸ்கோல் என்ற தாய் மோட்டார் வண்டியில் அடிபட்டு இறந்தார். பிரிட்டனில் மோட்டார் காரில் அடிபட்டு இறந்த முதல் பாதசாரி என்று அவர் பெயர் பதிவாகியுள்ளது. மரண விசாரணையின் முடிவு: தற்செயலான மரணம். அதோடு கோப்பு மூடப்பட்டது. "கதர்" என்று நாம் சொல்வதை அவர்கள் சட்ட மொழியில் சொன்னார்கள்.

*ஒல்லாந்தர் ஆளாத கண்டியில் ஒல்லாந்தர் சட்டம்*

இனி ஒரு வேடிக்கை. ஒல்லாந்தர் கண்டியை ஒருபோதும் ஆளவில்லை. 1765இல் படையோடு வந்து நகரத்தைப் பிடித்தும் நிலைக்க முடியாமல் திரும்பினார்கள். ஆனால் இன்று கண்டியில் ஒருவர் வாகனத்தில் அடிபட்டு நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டால், அவர் நிற்பது உரோம – டச்சுச் சட்டத்தின் மேல்.

எப்படி? கரையோரத்தைப் பிடித்த ஆங்கிலேயர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் அங்கே நடைமுறையிலிருந்த ஒல்லாந்தர் சட்டத்தையே தொடர அனுமதித்தார்கள். கண்டியர்களுக்குக் கண்டியச் சட்டம் இருந்தது. ஆனால் அது காணி, திருமணம், பரம்பரைச் சொத்து போன்றவற்றில்தான் விரிவாக இருந்தது. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கண்டியச் சட்டத்தில் பதில் இல்லாத விடயத்துக்குக் கரையோர மாகாணங்களின் சட்டத்தைப் பின்பற்றுங்கள் என்றது. அந்த வாசல் வழியாக ஒல்லாந்தர் சட்டம், பீரங்கியால் ஏற முடியாத மலையில், கடதாசியாக ஏறி வந்தது.

ஒல்லாந்தர் அதை எங்கிருந்து எடுத்தார்கள்? உரோமிலிருந்து. கி.மு. 287 அளவில் உரோமில் இயற்றப்பட்ட அக்குவிலியா சட்டம், பிறருடைய உடைமைக்குத் தவறாகச் சேதம் விளைவித்தவன் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தைப் பற்றி உரோமச் சட்ட அறிஞர்கள் எழுதிய கருத்துகளை கி.பி. 533இல் ஜஸ்டினியன் பேரரசர் ஒரு பெரும் தொகுப்பாக்கினார். அதில் ஒரு வழக்கு இருக்கிறது. கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் ஊர்ந்து போன எவருக்கும் அது விளங்கும்.

உரோமில் கப்பிட்டோல் என்ற குன்றின் ஏற்றத்தில் பாரம் ஏற்றிய இரண்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. கோவேறு கழுதைகள் இழுக்கின்றன. முன்வண்டியின் பின்புறத்தை ஆட்கள் தூக்கிப் பிடித்துத் தள்ளுகிறார்கள். வண்டி பின்னோக்கிச் சரிகிறது. தள்ளியவர்கள் விலகிவிடுகிறார்கள். முன்வண்டி பின்வண்டியில் மோதி, பின்வண்டி கீழே உருண்டு, வீதியில் நின்ற ஓர் அடிமைச் சிறுவனை நசுக்குகிறது. யார் பொறுப்பு? அல்பேனுஸ் என்ற சட்ட அறிஞர், ஏன் நடந்தது என்று கேளுங்கள் என்றார். தள்ளியவர்கள் தாமாக விலகியதால் வண்டி சரிந்ததென்றால் அவர்கள் பொறுப்பு. கழுதைகள் மிரண்டதால் உயிருக்குப் பயந்து விலகினார்களென்றால் கழுதைகளின் உரிமையாளர் பக்கம் போக வேண்டும்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பதில். இன்றும் கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் விபத்து வழக்கின் நடுக்கேள்வி அதுதான்: யாருடைய கவனயீனம்? அதே தொகுப்பில், கழுதைகளை அடக்கத் தெரியாமல் ஓட்டி ஒருவன் மேல் ஏற்றியவன், எனக்கு ஓட்டத் தெரியாது என்று தப்ப முடியாது என்றும் இருக்கிறது. தெரியாததைச் செய்வதே தவறு.

உரோமர்களிடம் ஒரு குறையும் இருந்தது. அடிமைக்கு விலை உண்டு. சுதந்திரமான மனிதனின் உடம்புக்கு விலை கிடையாது என்று நினைத்தார்கள். ஆகவே அடிபட்டவருக்கு வைத்தியச் செலவும் இழந்த உழைப்பும் கணக்கில் வரும். வடுவுக்கும் வலிக்கும் கணக்கில்லை. பிற்கால ஒல்லாந்தச் சட்ட அறிஞர்கள்தான் வலிக்கும் உருக்குலைவுக்கும் ஈடு கேட்கலாம் என்றும், இறந்தவரை நம்பியிருந்த மனைவி மக்கள் தமது இழப்புக்கு வழக்குப் போடலாம் என்றும் வழி திறந்தார்கள். இன்று நம் நாட்டில் ஒரு விதவை கணவனின் வருமான இழப்புக்கு நட்டஈடு கேட்க முடிகிறதென்றால் அந்த வழியில் வந்ததுதான்.

*"கதர்" என்று சொல்பவர்களுக்கு*

இப்போது நம் மார்க்கத்துக்கு வருவோம். நடந்தது அல்லாஹ்வின் நாட்டம் என்று நம்புவது ஈமான். அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் கதர் என்பது அடித்தவனின் பொறுப்பைக் கழுவிவிடும் தண்ணீர் அல்ல.

சூறா அந்நிஸாவின் 92ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். அது பேசுவது வேண்டுமென்று செய்த கொலையைப் பற்றி அல்ல. தவறுதலாக நடந்த மரணத்தைப் பற்றி. அங்கே இரண்டு கடமைகள் விதிக்கப்படுகின்றன. அல்லாஹ்வுக்குச் செய்ய வேண்டிய பரிகாரம் ஒன்று. இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய தியா, அதாவது ஈட்டுப் பணம், இரண்டாவது. குடும்பம் மன்னித்துத் தருமமாக விட்டுக்கொடுத்தால் அது வேறு. கவனியுங்கள்: விட்டுக்கொடுக்கும் உரிமை பாதிக்கப்பட்டவரிடம் இருக்கிறது. அடித்தவர் சார்பாக ஊர்ப் பெரியவர்கள் கேட்டு வாங்கும் பொருள் அல்ல அது. தனக்கு ஹக் இருக்கிறது என்று தெரிந்தவன்தான் மன்னிக்கவும் முடியும். ஹக்கே தெரியாதவன் மன்னிக்கவில்லை, ஏமாந்தான்.

ஃபிக்ஹ் நூல்கள் இதை நுணுக்கமாகப் பிரித்திருக்கின்றன. முழுத் தியா 100 ஒட்டகங்கள். ஒரு கைக்கு அதில் பாதி. ஒரு கண்ணுக்குப் பாதி. ஒரு விரலுக்குப் பத்து ஒட்டகங்கள். அளவு குறிப்பிடப்படாத காயங்களுக்கு அறிந்தவர்கள் மதிப்பிட வேண்டும். உரோமர் விலையில்லை என்று விட்ட இடத்தில் நம் அறிஞர்கள் விரல் விரலாகக் கணக்குப் போட்டார்கள்.

யார் கொடுப்பது? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தவறுதலாகச் செய்த ஒருவர் தனியாக 100 ஒட்டகங்களுக்கு எங்கே போவார்? அதற்காகத்தான் ஆகிலா என்ற ஏற்பாடு. அவருடைய தந்தைவழி உறவினர் சேர்ந்து, மூன்று ஆண்டுகளில் தவணையாகக் கொடுப்பார்கள். ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் எழுதப்பட்ட சாசனத்திலேயே ஒவ்வொரு கூட்டத்தாரும் தத்தமது தியாவைச் சேர்ந்து சுமக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. பின்னர் உமர் (ரலி) அவர்கள் காலத்தில் திவான் என்ற பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் அந்தச் சுமையைப் பகிரும் முறை வந்தது. ஹனஃபி மத்ஹபினர் அதை ஆதாரமாகக் கொண்டார்கள். நம் ஷாஃபிஈ மத்ஹப் உறவினர் முறையிலேயே நின்றது.

இன்றைய காப்புறுதி அந்த ஆகிலாதான் என்று நான் ஃபத்வா சொல்ல வரவில்லை. அதை ஆலிம்களிடம் கேளுங்கள். அவர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. நான் சொல்வது ஒன்றுதான். "ஓட்டியவன் ஏழை, அவனால் எப்படிக் கொடுக்க முடியும்?" என்ற கேள்விக்கு, "அப்படியானால் விட்டுவிடு" என்பது நம் பாரம்பரியத்தின் பதில் அல்ல. "அப்படியானால் சேர்ந்து கொடுங்கள்" என்பதுதான் பதில்.

*வெற்றுப் பையும் 1938உம்*

அதே கேள்வி 20ஆம் நூற்றாண்டில் எல்லா நாடுகளிலும் எழுந்தது. வழக்கில் வென்றாலும் ஓட்டியவனிடம் காசு இல்லை. தீர்ப்பைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். பிரிட்டன் 1930ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தில் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. இலங்கையில் 1938ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க மோட்டார் வாகனக் கட்டளைச் சட்டத்தில் அது வந்தது. பின்னர் 1951இன் 14ஆம் இலக்கச் சட்டம் அந்த இடத்தை எடுத்தது.

"தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ்" என்று நாம் அலட்சியமாகச் சொல்வதில் முதல் தரப்பு வாகனக்காரர், இரண்டாம் தரப்பு காப்புறுதி நிறுவனம். மூன்றாம் தரப்பு? வீதியில் நடந்து போகும் நீங்களும் நானும். அந்தப் பத்திரம் எழுதப்படுவதே நமக்காகத்தான். வாகனக்காரர் ஆண்டுதோறும் கட்டும் காசில் அடிபடப்போகும் முகம் தெரியாத ஒருவரின் பங்கு இருக்கிறது. நீதிமன்றம் வாகனக்காரருக்கு எதிராகத் தீர்ப்பளித்தால் அந்தத் தொகையைக் காப்புறுதி நிறுவனம் செலுத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே "பாவம், அவனும் பிள்ளை குட்டிக்காரன்" என்ற வார்த்தைக்கு இங்கே பெரும்பாலும் இடமில்லை. காசு அவருடைய பிள்ளைகளின் சோற்றிலிருந்து வருவதில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வழக்குப் போடும் முன்போ, போட்டு 7 நாட்களுக்குள்ளோ, காப்புறுதி நிறுவனத்துக்கு அந்த வழக்கைப் பற்றி அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். அது தவறினால் நிறுவனம் கைவிரிக்க வழி கிடைத்துவிடும்.

*மஞ்சள் கோட்டுக்கு வெளியே கடந்தவர்*

அடுத்த ஓட்டை இது. பழைய விதிப்படி அடிபட்டவர் பக்கமும் கொஞ்சம் பிழை இருந்தால் முழு வழக்கும் போய்விடக்கூடும். ஓட்டுநர் தறிகெட்ட வேகத்தில் வந்திருப்பார். நடந்தவர் கடவைக்குச் சற்று வெளியே கடந்திருப்பார். அவ்வளவுதான், ஒன்றும் கிடைக்காமல் போகலாம். பிரிட்டன் இதை 1945இல் திருத்தியது. இலங்கையில் அது 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தில்தான் வந்தது. 23 ஆண்டுகள் பிந்தி. அன்றிலிருந்து நீதிமன்றம் பிழையைப் பங்கு பிரிக்கிறது. உங்கள் பக்கம் இவ்வளவு பிழையென்றால் நட்டஈட்டில் அவ்வளவு குறையும், முழுவதும் போகாது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இன்றும் விபத்து நடந்த இடத்தில் கூடி நிற்பவர்கள் 1968க்கு முந்தைய சட்டத்தைத்தான் பேசுகிறார்கள். "நீங்க கோட்டுல போகல்லதானே, கேக்க ஏலா." அரை நூற்றாண்டுக்கு முன் செத்துப்போன விதி அது.

அதற்கு அடுத்த ஆண்டு இன்னொரு கதவு திறந்தது. அதுவரை அரசாங்க வாகனம் அடித்தால் ஓட்டுநர் மேல் வழக்குப் போடலாம். அரசின் மேல் போட முடியாது. முடி தவறு செய்யாது என்ற ஆங்கிலேயர் காலக் கொள்கையின் எச்சம். 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம், அரச ஊழியர் கடமையின்போது செய்த தவறுக்கு அரசும் பொறுப்பு என்று ஆக்கியது.

*இன்னும் அடைபடாத ஓட்டைகள்*

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். நம் நாட்டில் இன்றும் நட்டஈடு வேண்டுமென்றால் ஓட்டுநரின் கவனயீனத்தை அடிபட்டவரே நிரூபிக்க வேண்டும். 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்தபோதே, வேலை செய்யும்போது காயப்பட்ட தொழிலாளி முதலாளியின் பிழையை நிரூபிக்காமல் ஈடு பெறும் வழி உருவாகிவிட்டது. வீதியில் நடந்தவருக்கு அந்தச் சலுகை வரவில்லை.

இந்தியாவில் 1950களிலேயே விபத்து நட்டஈட்டுக்கென்று தனித் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தார்கள். 1982இல், யார் பிழை என்று பார்க்காமல் உடனடியாக ஒரு தொகை கொடுக்கும் ஏற்பாட்டைச் சட்டத்தில் சேர்த்தார்கள். அடித்துவிட்டு ஓடிய வாகனத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு அங்கே 2022 ஏப்ரல் முதல் 2 இலட்சம் இந்திய ரூபா. நியூசிலாந்து 1974இலிருந்து இன்னும் ஒருபடி மேலே போய், விபத்தில் காயப்பட்ட எவருக்கும், பிழை யாருடையது என்று கேட்காமல், பொது நிதியிலிருந்து கொடுக்கிறது. ஆகிலாவின் தத்துவத்தை ஒரு நாடே எடுத்துக்கொண்டதுபோல் எனக்குத் தோன்றும்.

நம்மிடமும் ஒன்று இருக்கிறது. 1998ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் கீழ் உருவான வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபை, அடையாளம் தெரியாத வாகனம் அடித்துவிட்டு ஓடிய சம்பவங்களில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நட்டஈடு வழங்குகிறது. தொகை பெரியதல்ல. ஆனால் இப்படி ஒன்று இருப்பதே நம் ஊர்களில் பலருக்குத் தெரியாது.

*1871இல் போட்ட கடிகாரம்*

கடைசியாக, எல்லாவற்றையும் விட முக்கியமான ஒரு சட்டம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம். அது எழுதப்பட்டபோது கண்டிக்கு ரயில் வந்து 4 ஆண்டுகள்தான். மோட்டார் வாகனம் உலகத்திலேயே கிடையாது. அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, இழப்பு, காயம், சேதம் ஆகியவற்றுக்கான வழக்கை 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்கிறது. இன்று வரை விபத்து வழக்குகளுக்கு அதுதான் கடிகாரம். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தனி ஏற்பாடு உண்டு. அதை நம்பிப் பெற்றோர் காத்திருக்கத் தேவையில்லை.

நம்மவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்தக் கடிகாரத்திடம்தான். எனக்குத் தெரிந்த ஒரு மேசன் பாஸ், பெயர் வேண்டாம், வேன் ஒன்றில் அடிபட்டு இடுப்பு எலும்பு முறிந்தது. வேன்காரரும் நம்மவர்தான். மூன்றாம் நாள் இருதரப்புப் பெரியவர்களும் வைத்தியசாலைக் கட்டிலருகே கூடி 30,000 ரூபாவைக் கொடுத்து, "இனிக் கோரிக்கை எதுவும் இல்லை" என்று ஒரு தாளில் ஒப்பம் வாங்கினார்கள். எல்லோருக்கும் நல்ல எண்ணம்தான். பின்னர் இரண்டாவது சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. சாரத்தில் ஏறும் வேலை முடிந்துபோனது. மூத்த மகன் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திக் கடைக்குப் போனான். அவர் சட்டத்தரணியைத் தேடிப் போனபோது விபத்து நடந்து 2 ஆண்டும் 4 மாதமும் ஆகியிருந்தது. அந்த வேனுக்குக் காப்புறுதி இருந்தது. ஒரு சதம்கூடக் கேட்கப்படவில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. நீதவான் நீதிமன்றத்தில் ஓட்டுநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டியதும் "கேஸ் முடிஞ்சு" என்று குடும்பம் நினைக்கிறது. தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகிறது. நீதவான் விரும்பினால் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு தொகையைக் கொடுக்கச் சொல்லலாம். ஆனால் முழு நட்டஈட்டுக்கான வழக்கு வேறு; அது மாவட்ட நீதிமன்றத்தில் தனியாகப் போட வேண்டியது. நீதவான் நீதிமன்ற வழக்கு இழுபடும் காலத்திலும் 2 ஆண்டுக் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

*ஆகவே என்ன செய்வது?*

நான் சட்டத்தரணி அல்ல, வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர். மேலே சொன்ன வரலாற்றிலிருந்து ஊருக்குப் பயன்படுவதை மட்டும் சுருக்கமாகத் தருகிறேன்.

1. பொலிஸில் முறைப்பாடு பதியாமல் எந்தப் பேச்சும் வேண்டாம். முறைப்பாட்டுப் பிரதியை எடுத்து வையுங்கள். வாகன இலக்கம், காப்புறுதி நிறுவனத்தின் பெயர், பார்த்தவர்களின் தொலைபேசி இலக்கம் மூன்றும் முதல் நாளே வேண்டும். பக்கத்துக் கடை கமராப் பதிவு சில நாட்களில் அழிந்துவிடும், உடனே கேளுங்கள்.

2. வைத்தியசாலையில் தரும் நோய் நிர்ணய அட்டை, எக்ஸ்ரே, மருந்துப் பற்றுச்சீட்டு, பஸ், ஓட்டோ செலவு எல்லாவற்றையும் ஒரு பைலில் போடுங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

3. நாட்கூலிக்காரர்கள் வருமானத்துக்குச் சான்று இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். வேலை கொடுத்தவர் சாட்சி சொல்லலாம்.

4. காயம் முழுவதும் ஆறி, எவ்வளவு பாதிப்பு என்று வைத்தியர் சொல்லும் வரை "இனிக் கோரிக்கை இல்லை" என்ற தாளில் ஒப்பம் வைக்காதீர்கள். கைச்செலவுக்கு யாராவது உதவினால் உதவி என்று எழுதி வாங்குங்கள். தீர்வு என்று எழுத வேண்டாம்.

5. முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு சட்டத்தரணியைக் காணுங்கள். வசதியில்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. கண்டியிலும் அதன் நிலையம் உண்டு.

6. வாகனம் வைத்திருக்கும் சகோதரர்களுக்கு: நீங்கள் அடித்துவிட்டால் நிறுத்துங்கள், தூக்குங்கள், பொலிஸுக்கும் காப்புறுதிக்கும் அறிவியுங்கள். உங்கள் காப்புறுதியில் அவருக்கு இருக்கும் பங்கை மறைத்து, சில ஆயிரங்களில் முடித்துவைப்பது சாமர்த்தியம் அல்ல. அது இன்னொருவரின் ஹக்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். சமாதானம் செய்து வைப்பது நல்ல அமல். ஆனால் அந்தக் கூட்டத்தில் அடிபட்டவர் பக்கம், அவருடைய உரிமை என்னவென்று சொல்லத் தெரிந்த ஒருவரும் உட்காரட்டும். ஜனாஸா சங்கம் இருக்கிறது, ஸகாத் குழு இருக்கிறது. விபத்து நடந்த முதல் வாரத்தில் குடும்பத்தோடு பொலிஸுக்கும் சட்டத்தரணியிடமும் போய்வர இரண்டு படித்த இளைஞர்களை ஒவ்வொரு மஹல்லாவிலும் நியமிப்பது பெரிய செலவு அல்ல. அந்த மேசன் பாஸின் வீட்டுக்கு ஒவ்வொரு ரமழானிலும் நாம் உலர் உணவுப் பொதி கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அவருக்குச் சேர வேண்டியதை அன்றே வாங்கிக் கொடுத்திருந்தால் அவர் வாங்கும் கையாக இருந்திருக்க மாட்டார்.

பாதுகாப்பாக நடங்கள், பாதுகாப்பாக ஓட்டுங்கள். வீட்டில் யாராவது அடிபட்டுப் படுத்திருந்தால் விபத்து நடந்த திகதியை இன்றே எடுத்துப் பாருங்கள். இரண்டு ஆண்டு ஆகவில்லையென்றால் இன்னும் வழி இருக்கிறது.

அல்லாஹ் நம் அனைவரையும், நம் பிள்ளைகளையும் வீதியில் பாதுகாப்பானாக. ஆமீன்.

பயனுள்ளது என்று நினைத்தால் உங்கள் ஊர்க் குழுமங்களில் பகிருங்கள். விளக்கத்தில் பிழை கண்ட சட்டத்தரணிகள் தயவுசெய்து கீழே திருத்துங்கள்.